பூஜை அறையில் ஒரு சமுத்திரம்

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பழைய குடும்பங்கள் பலவற்றின் பூஜை அறையில், சம்புடத்துக்குள் ஒரு கறுப்புக் கல் இருக்கும். ஸாளக்கிராமம். நாள் தவறாமல் அதற்குத் திருமஞ்சனமும் நைவேத்தியமும் நடக்கப் பார்த்துக்கொண்ட மாமியார் காலமான பிறகு, "இதை என்ன செய்வது?" என்று மருமகள் கையைப் பிசைவதுண்டு. உங்களுக்கும் அந்தக் கவலை உண்டா? அப்படியானால், அது என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நேபாளத்தில் முக்திநாத் அருகே ஓடும் காளி கண்டகி நதி தரும் கல் அது. துவாரத்துக்குள் சக்கரம் தெரிகிறதே, அதை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. அம்மோனைட் என்ற கடல் பிராணியின் ஓடு பதித்த சுவடு! கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு. வாழ்ந்தது சுமார் 15 கோடி வருஷங்களுக்கு முன்.

அது குடித்தனம் நடத்திய விதம் வேடிக்கையானது. உடம்பு வளர வளர, ஓட்டை முன்பக்கம் நீட்டி அங்கே குடிபோகும். பழைய அறையைச் சுவர் எழுப்பி அடைத்துவிடும். அடைத்த அறைகளில் வாயு நிறைந்திருந்ததால்தான் ஓட்டோடு மூழ்காமல் மிதந்தது. இறந்தபின் சேற்றில் புதைந்தது. சேறு இறுகிக் கல்லாயிற்று.

கடல் பிராணி இமயமலைக்கு எப்படிப் போயிற்று என்கிறீர்களா? அது போகவில்லை. அப்போது மலையே கிடையாது. அங்கே டெதிஸ் என்ற கடல்தான் இருந்தது. இந்திய நிலப்பரப்பு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியதில், கடலின் அடித்தரை மலையாக எழும்பியது. நதி அந்த மலையை அறுத்து, கற்களை உருட்டி வழவழப்பாக்கியது.

நேபாளம் வரை போவானேன்? நம் அரியலூர்ப் பக்கமும் ஒரு காலத்தில் கடல்தான். அங்கே கிடைத்த அம்மோனைட்டுகளைப் பற்றி ஸ்டோலிக்ஸ்கா என்ற அறிஞர் 1860களிலேயே விவரமாக எழுதினார். அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்டாகிறது. தியாகராய நகரில் எழும்பும் அடுக்கு மாடியின் சுவரில்கூட அந்தக் கடலின் சிப்பித் தூள் கலந்திருக்கலாம். அரைபட்டது திரும்பாது. தப்பியவற்றில் சிலவற்றை அரியலூர் அருகே வாரணவாசி அருங்காட்சியகத்தில் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

மாமியாரின் கல்லுக்கு வருவோம். பூஜை செய்ய முடிந்தால் செய்யுங்கள். இயலாவிட்டால் ஆசாரமுள்ள உறவினரிடமோ கோயிலிலோ கேட்டு ஒப்படையுங்கள். பழைய பாத்திரங்களோடு மட்டும் போட்டுவிடாதீர்கள். கொடுப்பதற்கு முன் குழந்தைகளை உட்கார வைத்து, அந்தக் கடலின் கதையையும், அதைத் தினமும் நீராட்டிய பாட்டியின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.