உளநோயின் வேர் பேயன்று

காய்ச்சல் கண்டவனைப் பார்த்து எவரும் நகைப்பதில்லை. கால் முறிந்தவனைத் தெருப்பிள்ளைகள் கல்லால் எறிவதில்லை. உள்ளம் நோயுற்றவன் ஒருவனே நோயாலும் துன்புற்று, ஊரார் வாயாலும் துன்புறுகின்றான். சென்னையில் கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயர் வசைச்சொல் ஆயிற்று. திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் குணசீலம் என்னும் ஊர்ப்பெயரும் அவ்வாறே ஆயிற்று. நோயாளி துயர்தீரச் சென்று தங்கும் ஊரின் பெயரையே இகழ்ச்சியாக்கிக்கொண்ட தமிழ்க் குமுகாயம், அந்நோய் எதனால் வருகின்றது என்று மட்டும் கேட்பதில்லை. கேளாமலே விடையும் வைத்திருக்கின்றது: பேய், செய்வினை, முன்வினை, தாயின் வளர்ப்பு. இந்நான்கும் பிழையான விடைகள்.

தமிழுக்குப் பித்து என்னும் சொல் இழிசொல்லாகப் பிறந்ததன்று. திருவரங்கத்து இறைவன்மேற் காதல் மீதூர்ந்த குலசேகரர், தம் பெருமாள் திருமொழியில் தம்மையே பேயன் என்றும் பித்தன் என்றும் கூறிக்கொண்டார். சுந்தரரோ இறைவனையே பித்தன் என விளித்தார். பாட்டில் வரும் பித்து அன்பின் பெருக்கு, அதில் இழிவில்லை. மூளையையும் உள்ளத்தையும் பற்றிய நோயோ முற்றிலும் வேறு. அன்பைக் குறித்த சொல்லை எடுத்து நோயாளியின்மேற் கல்லாக எறிவது, நோயாளிக்கும் கேடு, தமிழுக்கும் இழுக்கு.

திருவரங்கத்துக்கு மேற்கே, காவிரியின் வடகரையில் உள்ளது குணசீலம். அங்குள்ள பெருமாள் கோயிலுக்கு உளநோயாளரை உறவினர் அழைத்துவருகின்றனர். 48 நாள், அஃதாவது ஒரு மண்டிலம், தங்கவைத்து, கோயில்நீரை முகத்தில் தெளிக்கச் செய்கின்றனர். வேறு புகலறியாது வரும் அவ்வேழைக் குடும்பங்களை எள்ளுதல் அறிவுடைமை ஆகாது. காலந்தவறாத வாழ்க்கையும், உறவினர் துணையும், நம்பிக்கையும் ஓரளவு அமைதி தருதல் கூடும். ஆனால் அமைதி வேறு, மருத்துவம் வேறு. அவ்வூரிலேயே உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் ஒன்றும் அமைந்தது. வழிபாடு மருந்துக்குத் தடையாக வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று. வழிபடுதல் குற்றமன்று, பேயே முதல் என நம்பி மருந்தை நிறுத்துவதே குற்றம்.

அவ்வறியாமை எங்கே கொண்டுவிடும் என்பதை ஏர்வாடி காட்டிற்று. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. அங்கிருந்த நோயாளர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். 28 உயிர்கள் மாண்டன. கொன்றது தீ மட்டுமன்று. ஓட விடாத சங்கிலியும் கொன்றது. அச்சங்கிலிக்குப் பின்னே நின்றது, நோயின் முதலை அறியாத அறியாமை. உளநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியாற் கட்டலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விலக்கிவிட்டது. ஆயினும் சட்டத்தாற் சங்கிலி அறுமேயன்றி, அறியாமை அறாது.

நோயின் முதலைத் தேடாமல் மருந்தில் இறங்குதல் கூடாது என்பது, திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ காட்டும் நெறி. அந்நெறியில் நின்று பார்த்தால், சில உளநோய்களின் முதல் உடலிலேயே தெளிவாகத் தென்பட்டது. மேகப்புண் நோய் முற்றி மூளையைத் தாக்கியதால் அறிவு கலங்கியவர்கள் ஒருகாலத்தில் மேலைநாட்டு உளநோய் விடுதிகளை நிரப்பினர். பெனிசிலின் மருந்து வந்தபின் அக்கூட்டம் அருகிற்று. மக்காச்சோளத்தையே உண்டு உயிர்ச்சத்துக் குறைந்தவர்க்கு வந்த பெலாக்ரா நோயும் அறிவை மயக்கிற்று. அச்சத்தை ஊட்டவே தெளிந்தது. கழுத்துச் சுரப்பியின் குறையும் உளச்சோர்வாக வெளிப்படுவதுண்டு. இவற்றுள் எங்கே பேய்?

மனச்சிதைவு போன்ற நோய்களுக்கோ ஒற்றை முதல் இல்லை. கால்வழிக்குப் பங்குண்டு. ஆயின் ஒரே கருவிற் பிரிந்த இரட்டையருள் ஒருவர்க்கு அந்நோய் வந்தால், மற்றவர்க்கும் வருவது ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தே. கால்வழி மட்டுமே முதலாயின் இருவர்க்கும் தவறாது வந்திருத்தல் வேண்டும். எனவே குழந்தைப் பருவத்திற் பட்ட கொடுமை, இழப்பு, கடன், தனிமை, குடி, இளமையிற் பழகிய கஞ்சா ஆகியவையும் கூடுகின்றன.

இதனை விளக்க முக்கொம்பே போதும். காவிரியினின்று கொள்ளிடம் பிரியும் அவ்விடத்தில், 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணையில் 45 மதகுகள் இருந்தன. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. அதே வெள்ளம் ஏனைய மதகுகளையும் தாக்கியது, அவை நின்றன. வெள்ளம் மட்டுமே முதலாயின் எல்லாம் விழுந்திருக்கும்; மதகின் தளர்ச்சி மட்டுமே முதலாயின் வெள்ளம் வரும்வரை நின்றிரா. தளர்ந்த இடத்தில் பெருநீர் மோதும்போதே உடைப்பு நேர்கின்றது. மாந்த உள்ளமும் அத்தகையதே. விழுந்த மதகை எவரும் பழிப்பதில்லை. உள்ளம் உடைந்தவரை மட்டும் ஏன் பழித்தல் வேண்டும்?

தாயைப் பழிப்பது அதனினும் கொடிது. அன்பில்லாத தாயால் மனச்சிதைவு வருகின்றது என்று சென்ற நூற்றாண்டின் நடுவே மேலை மருத்துவர் சிலரே கூறினர். ஆய்வில் அது நில்லாமற் போயிற்று. மேலைநாடு கைவிட்ட அப்பழியைத் தமிழ்நாட்டு மாமியார்கள் இன்னும் மருமகள்மேற் சுமத்துகின்றனர். ‘மணம் முடித்தால் தெளிந்துவிடும்’ என்னும் கூற்றோ இரட்டைக் கேடு. நோய் தீர்வதில்லை, ஒன்றும் அறியாத இன்னோர் உயிரும் துன்பத்துட் சிக்குகின்றது.

2015-16ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் அகவை முதிர்ந்தோருள் நூற்றுக்குப் பத்துப்பேர்க்கு மேல் ஏதேனும் ஓர் உளநோய்க்கு ஆட்பட்டிருப்பதைக் கண்டது. அவருட் பெரும்பாலோர் மருத்துவம் பெறாதவர். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதன்முதல் 1997இல் தொடங்கியது திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலேதான். வழி காட்டிய மாவட்டமே, ஊர்ப்பெயரை வசையாக்கும் வழக்கத்தையும் முதலில் ஒழித்துக் காட்டுதல் வேண்டும்.

இங்கே தமிழுக்கு ஒரு கடமையுண்டு. மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதித்தரும் பெயர் வீட்டாருக்கு விளங்குவதில்லை; விளங்காத இடத்திற் பேய் வந்து குடிபுகுகின்றது. உளச்சோர்வு, மனச்சிதைவு, அச்சநோய் என்று நல்ல தமிழில் நோயின் பெயரையும் முதலையும் எடுத்துரைத்தால், ‘இது நோய், தணிக்கத்தக்கது’ என்று தாயும் தந்தையும் அறிவர். அறிந்த வீட்டிற் சங்கிலிக்கு வேலையில்லை. தமிழைப் பேணுவோர் முதலில் தமிழர் நாவினின்று ‘பைத்தியம்’ என்னும் வசையைக் களையட்டும். பின் நோயாளியின் கைப்பற்றி மருத்துவமனை வாயிலுக்கு அழைத்துச் செல்லட்டும்.