ஜெராக்ஸ் எடுக்கும் பிள்ளை திருடனல்ல

வேளச்சேரியில் எங்கள் காலை நடைக் கூட்டத்தில் ஒரு நண்பர் உண்டு. வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். போன வாரம் அவர் சொன்னார்: "சார், இந்தக் காலேஜ் பசங்க புஸ்தகமே வாங்கறதில்ல. எல்லாம் ஜெராக்ஸ். சுத்தத் திருட்டு. வெளிநாட்டு மாதிரி காலேஜே லைசென்ஸ் ஃபீஸ் கட்டணும்." நடந்துகொண்டே பதில் சொல்ல எனக்கு மூச்சு போதவில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் வருடத்தது. (பத்திரிகைகள் இதைக் 'காப்புரிமை' என்றும் எழுதுகின்றன, பேட்டன்டுக்கும் அதே சொல்லைப் போடுகின்றன. படிக்கிறவன் தலையைப் பிய்த்துக்கொள்கிறான்.) அதன் 52-ஆம் பிரிவு எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்தும் போக்கில் ஒரு நூலைப் பிரதி எடுப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. நண்பர் திருட்டு என்றதைப் பாராளுமன்றம் விதிவிலக்கு என்று எழுதி வைத்திருக்கிறது.

இது ஏட்டளவில் நின்றுபோன விஷயமும் அல்ல. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ராமேஸ்வரி என்ற சின்ன நகல் கடை. ஆசிரியர்கள் பாடத்திட்டத்துக்கு வேண்டிய அத்தியாயங்களைப் பல புத்தகங்களிலிருந்து குறித்துக் கொடுப்பார்கள். கடைக்காரர் நகல் எடுத்து, சுருள் கம்பி போட்டு, மாணவர்களுக்குத் தருவார். 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் சேர்ந்து அந்தக் கடைமீதும் டெல்லிப் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டன. கேட்ட நஷ்டஈடு 60 லட்ச ரூபாய். ஒரு ஜெராக்ஸ் கடையிடம்! அவர்கள் சொன்ன வழி, நண்பர் சொல்லும் அதே வழிதான்: உரிமச் சங்கத்திடம் பல்கலைக்கழகம் லைசென்ஸ் வாங்கட்டும், பணம் கட்டட்டும்.

மாணவர்கள் சங்கம் அமைத்து வழக்கில் சேர்ந்தார்கள். அமர்த்தியா சென் தாமும் ஆக்ஸ்ஃபோர்டில் நூல் வெளியிட்டவராக இருந்தும், வழக்கைத் தொடர வேண்டாம் என்று பதிப்பகங்களுக்கு எழுதினார். எந்த நூல்களுக்காக வழக்கோ அவற்றை எழுதியவர்களில் பலரே எதிர்ப்பில் கையெழுத்திட்டார்கள். உடைமைக்காரனே 'எடுத்துக்கொள்' என்கிறான், தரகர் 'திருடன்' என்கிறார்.

2016 செப்டம்பர் 16-ஆம் தேதி நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கையோ தெய்வமோ கொடுத்த உரிமை அல்ல, சட்டம் கொடுத்தது, சட்டம் வகுத்த எல்லைக்குள்தான் நிற்கும் என்றார். நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்வது குற்றமில்லை என்றால், அதையே இயந்திரம் செய்வது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பது அவர் வாதம். அதே டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, சேர்த்த பகுதிகள் பாடத்துக்குத் தேவைதானா என்பதை விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஆனால் தடை கொடுக்கவில்லை. 'பாடம் நடத்தும் போக்கு' என்றால் வகுப்பறையின் ஒரு மணி நேரம் மட்டும் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன. உரிமச் சங்கம் உச்ச நீதிமன்றம் போய்ப் பார்த்தது. மே மாதம் அங்கேயும் கதவு சாத்தப்பட்டது.

கையால் எழுதிக்கொள்வது என்றதும் எனக்குப் புதுச்சேரி நினைவு. நான் படித்தது பிரெஞ்சு வழியில். புத்தகங்கள் பிரான்சிலிருந்து கப்பலில் வரவேண்டும். வகுப்புக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். முசியே அதை வைத்துக்கொண்டு வாசிப்பார், நாங்கள் 'கயே'யில் எழுதிக்கொண்டே போவோம். பூகோளம், சரித்திரம் எல்லாம் அப்படித்தான் படித்தேன். அந்தக் கயேக்களுக்கு யாரும் பாரிஸுக்கு ஃபிராங்க் அனுப்பவில்லை.

"உங்க பிரான்ஸ்லயே பணம் கட்டறாங்களே" என்பார் நண்பர். கட்டுகிறார்கள், உண்மை. 1995 ஜனவரி 3-ஆம் தேதிச் சட்டப்படி அங்கே நகல் உரிமையை ஒரு கூட்டு அமைப்பு வசூலிக்கிறது, பல்கலைக்கழகங்கள் வருடாவருடம் தொகை தருகின்றன. ஆனால் அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலை படிக்கும் உள்நாட்டுப் பிள்ளையின் பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 200 யூரோவுக்கும் குறைவு. மீதியை அரசாங்கம் சுமக்கிறது. இங்கே லைசென்ஸ் வந்தால் அது யார் தலையில் விடியும்? செமஸ்டர் கட்டண ரசீதில் இன்னொரு வரியாக வரும். முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன், இலவசமாக ஆரம்பித்த எந்தத் தலைப்பும் ரசீதில் ஏறாமல் இருந்ததில்லை.

ஒரு காலத்தில் பணக்கார நாடுகளே நமக்குக் குறைந்த விலையில் புத்தகம் அனுப்பின. ஈ.எல்.பி.எஸ். பதிப்புகள் நம் தலைமுறைக்கு மறக்காது, பிரிட்டிஷ் அரசு மானியம் கொடுத்து வந்தவை. நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் மாஸ்கோவின் மீர் பதிப்பகக் கணித, பௌதிகப் புத்தகங்கள் காபி விலையில் கிடைக்கும். சோவியத் போனதும் அது நின்றது, 90களில் ஈ.எல்.பி.எஸ்ஸும் நின்றது. இப்போது பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்குக் கேட்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, 'ஆக எல்லாம் இலவசம்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு ஞாயிறும் புதுத் தமிழ் நாவல்கள் பி.டி.எஃபாக வருகின்றன. அனுப்புகிறவர்களில் அந்த வங்கி நண்பரும் உண்டு! புத்தகக் கண்காட்சியில் இப்போதுதான் வெளியான, சில நூறு பிரதிகள் போட்ட புத்தகம். அதற்கு 52-ஆம் பிரிவு குடை பிடிக்காது. நாம் யாருக்குப் பாடம் நடத்துகிறோம்? இலவசமாகத்தான் வேண்டும் என்றால் பாரதியின் எழுத்து இருக்கிறது. அரசே 1949-இல் உரிமையை வாங்கிப் பொதுவாக்கியது. கல்கியும் நாட்டுடைமை. அரசு குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து முறையாகச் செய்த காரியம் அது. உயிரோடு இருக்கும் எழுத்தாளனின் முந்நூறு ரூபாய்ப் புத்தகத்தை முப்பது பேருக்கு ஃபார்வர்டு செய்வது அந்தக் கணக்கில் சேராது.

கல்லூரிக்கு வருகிறேன். பேராசிரியருக்குச் சம்பளம் பெரும்பாலும் அரசுப் பணம், ஆராய்ச்சி மானியம் அரசுப் பணம். அவர் கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழுக்குக் கொடுக்கிறார், ஒரு காசு வாங்காமல். அதையே நாம் சந்தா கட்டித் திரும்ப வாங்குகிறோம். 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்று 2024 நவம்பர் 25-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததே, அது மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். தனித்தனியாகக் கட்டுவதைவிட மொத்தமாகப் பேரம் பேசியது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பயன் மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும். நம் தெருவில் எத்தனை வீட்டுப் பேரன் பேத்திகள் அரசுக் கல்லூரியில் இருக்கிறார்கள்? பெரும்பாலோர் சுயநிதிக் கல்லூரி. லட்சம் லட்சமாகக் கட்டுகிற அந்தப் பிள்ளைக்கு இந்தச் சந்தாவில் ஒரு பக்கம்கூடத் திறக்காது.

அந்தக் கல்லூரிகள் என்ன செய்கின்றன? நீதிமன்றம் அனுமதித்த பாடத்தொகுப்பை ஆசிரியர்களை வைத்துத் தயாரித்துக் கொடுக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் அது கிடையாது, 'வம்பு வேண்டாம்' என்கிறார்களாம். பிள்ளைகள் தேர்வுக்கு முந்தின வாரம் கடையில் கைடு வாங்கி மனப்பாடம் செய்கிறார்கள். மூல நூலின் ஓர் அத்தியாயத்தைக் கண்ணால் பார்க்காமலேயே பட்டம் வாங்கிவிடுகிறார்கள்.

ஜூன் மாதம் சேர்க்கைக்குப் போகும்போது ஹாஸ்டல் சாப்பாடு, பஸ் ரூட் எல்லாம் விசாரிப்பீர்கள். கூடவே முதல்வரிடம் கேளுங்கள்: பாடத்தொகுப்பு கொடுக்கிறீர்களா, நூலகம் சாயங்காலம் எத்தனை மணிவரை, நூலகக் கட்டணம் என்று வாங்குகிற தொகையில் சென்ற வருடம் எத்தனை புத்தகம் வாங்கினீர்கள்?