சுண்ணாம்பு பூசினால் நோய் மறையுமா?

ஈரம் ஏறிய சுவரைத் தில்லிக்காரர்கள் 'சீலன்' என்பார்கள். நம் ஊரில் ஓதம் என்போம். பெயர் எதுவானாலும் அது குடியேறும் இடம் ஒன்றுதான்: இல்லாதவன் வாழும் அறை! மழைக்காலத்தில் ஒழுகும் மேல்தளம், பக்கத்து வீட்டுக் குழாயின் கசிவு, சன்னலே இல்லாத பின்சுவர். தை மாதக் குளிரில் கதவை அடைத்துக்கொண்டு, அதே அறையில் சமைத்து, துணி உலர்த்தி, ஐந்து பேர் படுத்துறங்கினால் அந்த ஈரம் எங்கே போகும்? சுவரில் தங்கும். தங்கிய இடத்தில் பூஞ்சை படரும். அதன் நுண்ணிய துகள்கள் காற்றில் கலக்கும். குழந்தைக்கு இழுப்பு வரும்.

இது நம் கற்பனையல்ல. ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுத் தொல்லைகளும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது.

ஆனால் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னால் கிடைக்கும் பதில் என்ன? "நீங்கள் மதராஸிகள். எந்நேரமும் சோறு வடிக்கிறீர்கள், இட்லி அவிக்கிறீர்கள், வாளி வாளியாக ஊற்றிக் குளிக்கிறீர்கள். சுவர் நனையாமல் என்ன செய்யும்?" அரசுக் குடியிருப்பு என்றால் அதிகாரியும் இதையே மரியாதையான பாஷையில் சொல்லி, ஒரு பூச்சுச் சுண்ணாம்புக்கு உத்தரவு போடுவார். அடுத்த மழைக்குள் சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டு பூஞ்சை மீண்டும் எட்டிப் பார்க்கும். நீர் வரும் வழியை அடைக்காமல் சுவருக்கு வெள்ளையடிப்பது, புண்ணுக்குப் புனுகு பூசுவதுதான்!

இந்தப் பதில் தில்லியில் மட்டும் வழங்குவதல்ல. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், சூடானிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் தந்தை 2017-ல் தன் வாடகை வீட்டின் பூஞ்சையைப் பற்றிப் புகார் செய்தார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு மகன் அவாப் இஷாக் பிறந்தான். புகார்கள் தொடர்ந்தன, பூஞ்சையும் தொடர்ந்தது. குடும்பத்தின் குளிக்கும் பழக்கமே காரணம் என்று வீட்டுவசதி நிறுவனத்தார் தாமாக எண்ணிக்கொண்டனர். 2020 டிசம்பரில், இரண்டு வயது நிறைந்த சில நாட்களில், அந்தக் குழந்தை இறந்தான். நெடுநாள் பூஞ்சையைச் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை தீர்ப்புச் சொன்னது.

பெற்றோர் ஓயவில்லை. அவர்கள் போராட்டத்தால் 2023-ல் சட்டம் வந்தது. குழந்தையின் பெயராலேயே அது வழங்குகிறது. 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூகக் குடியிருப்புகளில் உயிருக்கு ஆபத்தான பழுதை 24 மணி நேரத்தில் கவனிக்க வேண்டும். கடுமையான ஓதம், பூஞ்சைப் புகார்களை 10 வேலை நாட்களில் ஆராய வேண்டும்.

"அது பணக்கார நாடு" என்பார்கள். அங்கேயும் அந்தக் குழந்தைக்குக் குறைவாயிருந்தது பணமல்ல. புகாருக்குப் பதில் சொல்ல ஒரு கெடு!

நம் சட்டத்தைப் பார்ப்போம். 1958-ஆம் ஆண்டு தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்கிறது. எழுத்தில் அறிவித்தும் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து, ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை கழித்துக்கொள்ளலாம். நல்ல சட்டம்தான்! ஆனால் 1988 திருத்தத்தின்படி மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீட்டுக்கு இது பொருந்தாது. அரசு வீடுகளுக்கும் பொருந்தாது. இன்று தில்லியில் 3,500 ரூபாய்க்குள் ஒரு குடும்பம் வாழும் அறை எங்கே கிடைக்கிறது? 1995-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வாடகைச் சட்டமோ நடைமுறைக்கே வரவில்லை.

நோயின் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். குழந்தைக்கு இழுப்பு வந்தால் தாய் வேலைக்குப் போக முடியாது, கூலி போச்சு. ஆட்டோவுக்குப் பணம், மருத்துவருக்குப் பணம், மாதாமாதம் மருந்துக்குப் பணம். ஆயுஷ்மான் பாரத் அட்டை 2025 முதல் தில்லியிலும் உண்டு. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் செலவை ஏற்கும். வெளிநோயாளியாக வாங்கும் மருந்துக்கு உதவாது. கடைசியில் வட்டிக்கு வாங்குகிறோம். வட்டி கட்டுபவன் நல்ல வீட்டுக்கு எப்படி மாறுவான்? ஓதச் சுவரே அவனுக்குச் சிறைச்சுவர் ஆகிறது.

2025 ஜூன் 1-ஐ நாம் மறக்க முடியுமா? ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் கரையில் தலைமுறைகளாக நம்மவர் வாழ்ந்த மதராஸி கேம்ப் அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கே முதலில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அதுவும் தொலைதூர நரேலாவில். மற்றவர்கள் கிடைத்த அறைக்குள் ஒண்ட வேண்டியதாயிற்று. மழைக்கு முன் வடிகால் தூர்வார வேண்டும் என்று நாள் குறித்து, அந்த நாளிலேயே புல்டோசர் வந்து நின்றது. இடிப்பதற்கு நாள் குறிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்குப் பழுது பார்க்க நாள் குறிக்கத் தெரியாதா?

நம்மில் ரயில்வேயில் இருப்பவர்கள் அறிவோம். தண்டவாளத்தில் விரிசல் கண்டால், பயணிகள் கனமாயிருக்கிறார்கள் என்று யாரும் கோப்பில் எழுதுவதில்லை. வண்டியை நிறுத்தித் தண்டவாளத்தை மாற்றுகிறார்கள். வீட்டுக்கு மட்டும் வேறு நியாயமா?

ஆகவே நாம் கேட்பது இவை: அரசுக் குடியிருப்பு, மறுகுடியமர்த்தல் வீடு, வாடகை அறை அனைத்துக்கும் ஓதம், பூஞ்சைப் புகாரை ஆராயவும் சரிசெய்யவும் சட்டப்படி கெடு வேண்டும். பழுது பார்க்கும் கடமை எல்லா வாடகை வீட்டுக்கும் பொருந்த 3,500 ரூபாய் வரம்பு நீங்க வேண்டும். வெளிநோயாளி மருந்துச் செலவும் காப்பீட்டில் சேர வேண்டும்.

அதுவரை கைகட்டி இருப்பதா? வாடகை ஒப்பந்தத்தில் பழுது யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். புகாரை வாயால் சொல்லாதீர்கள். தேதியிட்டு எழுதி, நகலில் கையெழுத்து வாங்குங்கள். 'காலி செய்' என்று மிரட்டுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறோம். மனு எழுதச் சங்கம் இருக்கிறது. உடன் வரவும் சங்கம் இருக்கிறது. ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் ஒரே தாளில் கையெழுத்திட்டால், யாருடைய குளியலைக் குற்றம் சொல்வார்கள்?