மணிக்கும் ஓர் இடம்

பள்ளி விடுமுறையின் முதல் நாள் அதிகாலை. ஈப்போ, புந்தோங் வட்டாரத்தில் ஒரு வரிசை வீட்டின் முன்னே ஐவர் அமரும் சிறிய மகிழுந்து ஒன்று நிற்கிறது. அதன் பின்பெட்டியில் இரண்டு பெரிய பயணப் பெட்டிகள் ஏறிவிட்டன. அவற்றின்மேல் தலையணைகள், தண்ணீர்ப் போத்தல்கள், முறுக்கு டின். கோலாலம்பூரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்காக ஒரு சாக்கு நிறையத் தம்புன் பம்பளிமாஸ். அத்தைக்குப் பிடித்த கச்சாங் பூத்தே நான்கு பொட்டலம். பின்னிருக்கையில் பாட்டியும் இரண்டு பிள்ளைகளும் அமர்ந்துவிட்டனர். வாசலோரம் வீட்டு நாய் மணி வாலை ஆட்டியபடி நிற்கிறது.

"அப்பா, மணி எங்கே உட்காரும்?" என்று கேட்கிறாள் இளையவள்.

"அதற்கு எங்கேம்மா இடம்? மணி வீட்டைப் பார்த்துக்கொள்ளும். நாலு நாள்தானே!" என்கிறார் அப்பா.

விடுமுறைக் காலத்தில் நாய் வளர்க்கும் பல வீடுகளில் நடக்கக்கூடிய காட்சிதான் இது. அப்பா இரக்கமற்றவர் அல்லர். வண்டியில் உண்மையாகவே இடமில்லை. தவறு வேறோர் இடத்தில் இருக்கிறது. மகள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி; ஆனால், அது புறப்படும் காலையில் கேட்கப்பட்டது. அந்நேரத்தில் அதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. அதே கேள்வியை இரண்டு வாரத்துக்கு முன்பே கேட்டிருந்தால் நான்கைந்து விடைகள் கிடைத்திருக்கும். வளர்ப்பு விலங்கு உள்ள குடும்பம் பயணத்தைத் திட்டமிடும்போதே அவ்விலங்குக்கும் ஓர் இடத்தைத் தீர்மானித்துவிட வேண்டும். அந்த இடம் மகிழுந்துக்குள் இருக்கலாம். வெளியே நம்பிக்கையான ஒருவர் வீட்டிலும் இருக்கலாம். ஆனால், எங்கும் இடமில்லை என்ற நிலை மட்டும் ஏற்படக்கூடாது.

"நாய் வீட்டைப் பார்த்துக்கொள்ளும்" என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? அதை அறிய, பேராக் மாநிலத்தின் தோட்டப்புற வாழ்க்கையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். 1877-ஆம் ஆண்டு கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட் முதல் தாப்பா வரை பால்மரத் தோட்டங்கள் பரவின. அத்தோட்டங்களின் லயங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. லயத்து நாய்க்குச் சங்கிலியும் இல்லை. பூட்டிய கதவும் இல்லை. விடியலில் பெரட்டுக்குப் போகும் முதலாளுக்குப் பின்னால் அது ஓடும். பாம்பு வந்தால் குரைக்கும். காட்டுப்பன்றி வந்தால் விரட்டும். ஒரு குடும்பம் திருமணத்துக்கோ திருவிழாவுக்கோ வெளியூர் போனால், பக்கத்து வீட்டு அக்கா மீந்த சோற்றை அதற்கும் சேர்த்துப் போடுவார். நாயின் பெயர் ஒரு வீட்டுக்கு உரியதாக இருந்தாலும், அதன் பசியைக் கவனித்தது முழு லயமும்தான்.

இன்று அந்த லயங்களுள் பெரும்பாலானவை இல்லை. பால்மரங்கள் நின்ற நிலத்தில் செம்பனை வளர்ந்தது. வேறு பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழும்பின. தோட்ட மக்களும் அவர்களின் பிள்ளைகளும் ஈப்போ போன்ற நகரங்களின் வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். இங்கு ஒவ்வொரு வீட்டுக்கும் இரும்புக் கதவு உண்டு. அடுத்த வீட்டாரின் பெயர்கூடத் தெரியாத நிலையும் உண்டு. வாழ்க்கை மாறியது, ஆனால், "நாய் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்ற பழைய நம்பிக்கை மட்டும் மாறவில்லை. அந்த நம்பிக்கையைத் தாங்கிய அண்டை அயலார் உறவு இல்லாதபோது, பூட்டிய வீட்டு நாய் உண்மையாகவே தனித்துவிடுகிறது.

நான்கு நாள்களுக்குரிய உணவைத் தட்டில் குவித்து வைத்தால் போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வுணவை நாய் முதல் நாளே தின்றுவிடலாம்; எஞ்சியதை எறும்பு மொய்க்கும்; மழையில் நனைந்து புளித்தும் போகும். தண்ணீர்க் குவளை ஒரு முறை கவிழ்ந்தால் அதை நிமிர்த்தி வைக்க ஆளில்லை. நண்பகல் வெயில் நகர்ந்து வரும்போது, கட்டப்பட்ட நாயால் நிழலைத் தேடிப் போக முடியாது. பண்டிகைக் காலமென்றால் பட்டாசுச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். மனிதரைவிட நாய்க்குக் கேட்கும் திறன் கூர்மையானது. அந்த அச்சத்தில் சங்கிலியை இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும் நாய்களும் உண்டு; அறுத்துக்கொண்டு ஓடித் திரும்பி வராத நாய்களும் உண்டு.

இதைவிடக் கொடியது, "போகட்டும், பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்லி நாயைப் பழைய தோட்டப் பக்கம் கொண்டுபோய் விட்டுவருவது. அங்கே சோறு போட்ட அக்கா இப்போது இல்லை. மனிதர் கையால் உண்டு பழகிய விலங்கு செம்பனைக் காட்டில் உணவு தேட அறியாது. அது சாலையோரம் வந்து வாகனத்தில் அடிபடும். அல்லது நோயுற்றுச் சாகும்.

மலேசியாவின் விலங்குகள் நலச் சட்டம் 2015-இல் இயற்றப்பட்டு, 2017-இல் நடைமுறைக்கு வந்தது. வளர்ப்பவர் தம் விலங்கின் உணவு, உறைவிடம், பாதுகாப்பு ஆகிய தேவைகளை நிறைவேற்ற வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே, இது இரக்கத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. பொறுப்பைப் பற்றியதும் ஆகும்.

அப்படியென்றால், எப்பாடுபட்டாவது நாயை வண்டியில் ஏற்றிவிட வேண்டுமா? அதுவும் சரியன்று. மகிழுந்தில் இடம் என்பது உடலைத் திணிப்பதற்கான இடம் அன்று. பாதுகாப்பாக அமர்வதற்கான இடம் ஆகும். மலேசியாவில் பின்னிருக்கையில் அமர்வோரும் இருக்கை வார் அணிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். சிறு குழந்தைகளுக்குரிய பாதுகாப்பு இருக்கை 2020 முதல் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. நாயை ஏற்றுவதற்காகக் குழந்தையைப் பாட்டி மடிக்கு மாற்றுவதும், ஒரே வாரில் இரண்டு பிள்ளைகளைக் கட்டுவதும் ஆபத்தானவை. குழந்தைகளின் இருக்கையை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது.

கட்டப்படாத நாயும் ஆபத்துதான். அறிவியல் பாடத்தில் படிக்கும் நிலைமம் இங்கே துணைக்கு வரும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து எதன்மீதோ மோதி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருப்பவற்றின்மீது அவற்றின் எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு விசை செயல்படும். 20 கிலோ எடையுள்ள நாய் அந்நொடியில் 400 கிலோ எடைக்கு நிகரான விசையோடு முன்னால் இருப்பவர்மீது மோதும். இதே கணக்கு பம்பளிமாஸுக்கும் முறுக்கு டின்னுக்கும் பொருந்தும். அதனால்தான் கனமான பெட்டிகளை அடியில், இருக்கையின் முதுகோடு ஒட்டி வைக்க வேண்டும். இருக்கையின் உயரத்துக்கு மேல் எதையும் குவிக்கக்கூடாது.

ஆகவே, மகிழுந்தில் இடத்தைப் பங்கிடுவதற்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் குழந்தைகளும் பெரியவர்களும், அடுத்து நாய், கடைசியில்தான் பெட்டிகள். பல குடும்பங்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. பெட்டிகள் முதலில் ஏறுகின்றன. மிஞ்சிய இடத்தில் மனிதர் நெருக்கி அமர்கின்றனர். நாய்க்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. நான்கு நாள் பயணத்துக்கு ஆளுக்கொரு பெரிய பெட்டி தேவையில்லை. உறவினர் வீட்டில் தலையணை இருக்கும். துணி துவைக்கவும் வசதி இருக்கும். ஒரு பெட்டியைக் குறைத்தால் ஒரு சிறிய நாயின் கூண்டுக்கு இடம் கிடைத்துவிடும்.

சிறிய நாயைக் கூண்டில் வைத்து, அக்கூண்டை அசையாதபடி பொருத்த வேண்டும். பெரிய நாய்க்கு மார்புப் பட்டை அணிவித்து, அதைப் பின்னிருக்கையின் வாரோடு இணைக்கலாம். முன்னிருக்கையில் நாயை அமர்த்தக்கூடாது. காற்றுப்பை விரிந்தால் அதற்கு உயிராபத்து. ஓட்டுநர் மடியில் வைப்பதும், சன்னலுக்கு வெளியே தலையை நீட்டவிடுவதும் தவறு. தனியே மூடப்பட்ட பின்பெட்டியில் நாயை அடைப்பது கொடுமையிலும் கொடுமை.

பயணப் பழக்கமும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். ஒருநாள் தம்புன்வரை, மறுவாரம் கோப்பேங்வரை என்று குறுகிய தூரம் அழைத்துச் சென்றால் நாய்க்கு வண்டி பழகிவிடும். கேமரன் மலைப் பாதையின் வளைவுகள் மனிதருக்கே குமட்டலைத் தரும்; பழகாத நாய்க்குச் சொல்ல வேண்டியதில்லை. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே குறைவான உணவைக் கொடுத்துவிடலாம். மனிதருக்குரிய மாத்திரையை நாய்க்குக் கொடுக்காமல் கால்நடை மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

வழியில் மறக்கவே கூடாத ஒன்று வெப்பம். ஈப்போவில் நண்பகல் வெப்பம் 33 பாகையைத் தொடுவது வியப்பன்று. அப்போது வெயிலில் நிறுத்தி மூடிய மகிழுந்தின் உள்ளே பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 10 பாகை கூடும். அரை மணி நேரத்தில் 50 பாகையைத் தாண்டிவிடக்கூடும். சன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் பெரும் பயன் இல்லை. நாய்க்கு மனிதரைப் போல் உடல் முழுதும் வியர்க்காது. மூச்சிரைத்தே அது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. சூடான காற்றை இழுத்தால் அதுவும் பயன்படாது. குழந்தைக்கும் இதே ஆபத்து உண்டு. "ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்" என்று எண்ணி எந்த உயிரையும் வண்டிக்குள் விட்டுச் செல்லக்கூடாது.

தாப்பா போன்ற நெடுஞ்சாலை ஓய்விடங்களில் பல இன மக்கள் கூடுவர். நாய் தொடுவதைச் சமய நெறிப்படி தவிர்ப்பவர்கள் இருப்பர். நாயைக் கண்டு அஞ்சும் குழந்தைகளும் இருப்பர். எனவே, நாயைக் குறுகிய கயிற்றில் பிடித்து, உணவுக் கடைகளையும் தொழுகை இடத்தையும் விட்டு விலகிய புல்வெளி ஓரமாக நடத்த வேண்டும். அதன் கழிவைப் பையில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். தம் நாயை நேசிப்பவர் பிறருடைய உணர்வை மதித்தால்தான் அந்த நாய்க்கும் பொது இடத்தில் மதிப்புக் கிடைக்கும்.

எல்லா நாய்களும் பயணத்துக்கு ஏற்றவை அல்ல. முதிர்ந்த நாய், நோயுற்ற நாய், வண்டியைக் கண்டாலே நடுங்கும் நாய் ஆகியவற்றை ஊரிலேயே விட்டுச் செல்வதுதான் நல்லது. குடும்பத்தினர் ஐவரும் ஐந்து இருக்கைகளில் அமர்ந்துவிட்டால் நாய்க்குப் பாதுகாப்பான இடம் இருக்காது. விரைவுப் பேருந்திலோ தொடர்வண்டியிலோ பயணம் செய்வோராலும் நாயை அழைத்துச் செல்ல இயலாது. இத்தகைய நிலையில் நாய்க் காப்பகத்தையோ கால்நடை மருத்துவரின் பராமரிப்பையோ நாடலாம். அதற்குப் பணம் செலவாகும் என்று சிலர் தயங்குவர். அவர்கள் லயத்து வழக்கத்தை மீட்டெடுக்கலாம். இந்த விடுமுறையில் பக்கத்து வீட்டார் மணியைக் கவனிக்கட்டும். அடுத்த விடுமுறையில் அவர்களுடைய பூனையை இந்த வீட்டார் கவனிக்கட்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. அண்டை வீட்டாரின் பெயரை அறிந்திருந்தால் போதும்.

"வெறும் நாய்க்கு இவ்வளவு ஆரவாரமா?" என்று கேட்போரும் உண்டு. மகாபாரதத்தின் இறுதியில் தருமரை விண்ணுலகுக்கு அழைத்துச் செல்ல இந்திரன் தேரோடு வருகிறான். தருமருக்குத் தேரில் இடம் உண்டு. வழி முழுதும் அவரோடு நடந்துவந்த நாய்க்கு இல்லை. தம்மை நம்பி வந்த உயிரைக் கைவிட்டுத் தமக்கு விண்ணுலகம் வேண்டாம் என்று அவர் மறுத்துவிடுகிறார். அந்த நாயின் வடிவில் வந்தது அறக்கடவுளே என்பது பின்னர்தான் தெரியவருகிறது. வண்டியில் இடம் இல்லை என்ற சிக்கல் அவ்வளவு பழையது. ஒருவரின் அறம் எத்தகையது என்பது அச்சிக்கலுக்கு அவர் தரும் விடையில் தெரிந்துவிடும்.

புந்தோங் வீட்டு மகளின் கேள்வி இரண்டு வாரத்துக்கு முன்பே எழுந்திருந்தால், அந்தக் காலை வேறு மாதிரியாக விடிந்திருக்கும். மணியின் பாய், உணவுப் பை, தடுப்பூசி அட்டை, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவை முதல் நாள் மாலையே பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். நன்றியாக நான்கு பம்பளிமாஸும் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தேயும் கைமாறியிருக்கும். வண்டியின் சாக்கும் கொஞ்சம் இளைத்திருக்கும். "அப்பா, மணி எங்கே இருக்கும்?" என்று மகள் கேட்டால், அப்பா தயங்காமல் விடை சொல்லியிருப்பார். வீட்டில் நாய் வளர்க்கும் ஒவ்வொரு பிள்ளையும் அடுத்த விடுமுறைக்கு முன் அக்கேள்வியைக் கேட்க வேண்டும். பெட்டிகள் அலமாரியிலிருந்து இறங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும்.