நாய்க்குக் கதை படிக்கும் சிறுவர்கள்!

கூச்சம் போனது யாருக்கு?

கூண்டின் மூலையில் ஒரு நாய் சுருண்டு கிடக்கும். ஆள் அரவம் கேட்டாலே அதற்கு நடுக்கம். யார் வந்தாலும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும்.

அங்கே ஒரு சிறுவன் வருவான். கூண்டுக்கு வெளியே தரையில் உட்காருவான். நாயை அவன் கூப்பிட மாட்டான். அதை உற்றுப் பார்க்கவும் மாட்டான். சற்றே திரும்பி உட்கார்ந்து, கையில் உள்ள கதைப் புத்தகத்தைப் பிரித்து உரக்கப் படிப்பான்.

கொஞ்ச நேரம் போகும். நாய் காதைத் தூக்கும். பிறகு தலையைத் தூக்கும். மெல்ல எழுந்து ஓர் அடி முன்னால் வைக்கும். உடனே சிறுவன் ஒரு பிஸ்கோத்தை உள்ளே போடுவான்.

இது கட்டுக் கதை அல்ல. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் உள்ள விலங்கு நலச் சங்கம் செய்த ஏற்பாடு. செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த இந்தப் படிப்பைப் பற்றி 2016ஆம் ஆண்டில் பல நாட்டுப் பத்திரிகைகள் படத்துடன் செய்தி வெளியிட்டன. 6 வயது முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகள் இதில் சேர்ந்தார்கள். நாய் பயப்படுகிறதா, சந்தோஷமாக இருக்கிறதா என்று அதன் உடம்பைப் பார்த்தே கண்டுபிடிக்க அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு விலங்கு விடுதியில் 2013ஆம் ஆண்டிலேயே பிள்ளைகள் பூனைகளுக்குக் கதை படித்தார்கள்.

நாய்க்குக் கதை புரியுமா?

புரியாது. ஆனால் குரல் புரியும்.

புத்தகம் படிக்கும்போது குரல் ஒரே சீராக வரும். திடீர் சத்தம் இல்லை, அதட்டல் இல்லை. படிப்பவனுடைய கண்ணும் புத்தகத்தில் இருக்கும். பயந்த நாயை நேருக்கு நேர் உற்றுப் பார்த்தால், "என்னை அடிக்க வருகிறான்" என்று அது மிரளும். படிக்கிற பிள்ளையிடம் அந்த மிரட்டல் இல்லை. "வா" என்று அழைப்பதும் இல்லை. "போ" என்று விரட்டுவதும் இல்லை. பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறான். அவ்வளவுதான். வருவதும் வராததும் நாயின் இஷ்டம்.

இதில் நாயின் வாழ்வே அடங்கியிருக்கிறது. நாய் வளர்க்க விரும்பும் குடும்பத்தார் விடுதிக்கு வந்து, கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். முன்னால் வந்து வாலை ஆட்டும் நாய் அவர்கள் மனதில் நிற்கும். மூலையில் ஒதுங்கிய நாயை யாரும் கவனிக்க மாட்டார்கள். இடம் போதாத விடுதிகளில், யாரும் கொண்டு போகாத நாய்களைக் கொன்றுவிடுவதும் அந்த நாட்டில் உண்டு. துணிந்து ஓர் அடி முன்னால் வைக்கும் நாய்க்கு ஒரு வீடு கிடைக்கும்.

சோனிக் குட்டி

கோழையாகவோ நோஞ்சானாகவோ இருந்த ஒரு வளர்ப்புப் பிராணி தலை நிமிர்ந்து நிற்கும் கதை, குழந்தைகளின் படப் புத்தகங்களில் வெகு காலமாக வருகிறது. அவற்றில் உலகப் புகழ் பெற்றது "கிளிபோர்டு" என்ற சிவப்பு நாயின் கதை.

கிளிபோர்டு வீட்டைவிடப் பெரிய நாய். ஆனால் அது பிறந்தபோது எப்படி இருந்தது? ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் அதுதான் சோனி. நல்ல குட்டிகள் பல இருக்க, எமிலி எலிசபெத் என்ற சிறுமி அந்தச் சோனிக் குட்டியையே தேர்ந்தெடுத்தாள். அவள் வைத்த அன்பில் அது வளர்ந்தது, வளர்ந்துகொண்டே போனது!

இந்தக் கதையைப் படிக்கும் சிறு பிள்ளைக்கு ஒரு விஷயம் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. "நான் சிறியவன். எனக்கு எதுவும் வரவில்லை. ஆனாலும் என்னை ஒருவர் விரும்பினால் நானும் பெரியவன் ஆவேன்."

எழுதியவரும் அப்படித்தான்

அந்த நாயைப் படைத்தவர் நார்மன் பிரிட்வெல். 1928ஆம் ஆண்டு அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர்.

அவர் பள்ளியில் படித்த காலத்தில் கைத்தொழில் வகுப்பு ஒன்று இருந்தது. அதில் அவருக்கு ஒன்றும் சரியாக வரவில்லை. ஆசிரியர் கருவிகளை வாங்கி வைத்துக்கொண்டு, காகிதத்தைக் கொடுத்து, "உனக்குப் படம் போடத்தான் பிடிக்கிறது, அதையே செய்" என்ற கருத்தில் சொல்லிவிட்டாராம். இதைப் பிற்காலத்தில் பிரிட்வெல்லே சொன்னார்.

வளர்ந்த பிறகும் கஷ்டம் தீரவில்லை. கையில் குழந்தை, வருமானமோ குறைவு. படங்களை எடுத்துக்கொண்டு பதிப்பகம் பதிப்பகமாக ஏறி இறங்கினார். எல்லோரும் கையை விரித்தார்கள். ஒரு பதிப்பகத்தில் இருந்த பெண்மணி மட்டும் ஒரு வழி சொன்னார். "பிறர் எழுதும் கதைக்குப் படம் போட உங்களை அழைக்க மாட்டார்கள். நீங்களே கதை எழுதிப் பாருங்கள்" என்றார். ஒரு சிறுமியும் பெரிய சிவப்பு நாயும் இருந்த படத்தைக் காட்டி, இதில் ஒரு கதை இருக்கலாம் என்றார்.

பிரிட்வெல் வீட்டுக்கு வந்தார். மூன்றே நாளில் கதையை எழுதினார். கதையில் வரும் சிறுமிக்குத் தம் மகளின் பெயரை வைத்தார். நாய்க்குப் பெயர் வைத்தவர் அவருடைய மனைவி.

1963ஆம் ஆண்டு புத்தகம் வெளிவந்தது. அப்போதும் அவருக்கு நம்பிக்கை இல்லை. "இது ஏதோ அதிர்ஷ்டம். இன்னொரு புத்தகம் வரும் என்று நினைக்காதே" என்று மனைவியிடம் சொன்னாராம்.

நடந்தது வேறு. 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் காலமானபோது, கிளிபோர்டு புத்தகங்கள் 12 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தன!

பிள்ளையின் பயம்

நாய்க்கு உள்ள பயம், புத்தகத்தைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கும் உண்டு.

வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் சில பிள்ளைகளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஓர் எழுத்து தவறினால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். ஆசிரியர் திருத்துவார். வீட்டில் அப்பா, "இது கூடத் தெரியாதா?" என்பார். இப்படி நாலு முறை நடந்தால், பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்கும். படிக்காததால் படிப்பு வராது. படிப்பு வராததால் இன்னும் ஒதுங்கும்.

இந்தக் கூச்சத்தைப் போக்க, அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் நகரில் 1999ஆம் ஆண்டு ஒரு புது வழி கண்டார்கள். சாதுவான, பழக்கிய நாய்களை நூல்நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். பிள்ளை நாயின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். நாய் சிரிக்காது; திருத்தாது; "சீக்கிரம்" என்று அவசரப்படுத்தாது. இந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

சோதித்துப் பார்த்தார்கள்

இது உண்மையில் பலன் தருகிறதா?

தென் ஆப்பிரிக்காவில் மூன்றாம் வகுப்பில் படித்த 102 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் படிப்பதில் பின்தங்கியவர்கள். அவர்களை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் நாயிடம் படித்தது. இன்னொன்று ஒரு பெரியவரிடம் படித்தது. மூன்றாவது கூட்டம் கரடி பொம்மையிடம் படித்தது. நான்காவது கூட்டத்துக்கு வழக்கமான பாடம் மட்டுமே. பத்து வாரத்துக்குப் பின் பார்த்தபோது, படித்ததைப் புரிந்துகொள்வதில் நாயிடம் படித்த பிள்ளைகள் முந்தி நின்றார்கள். இதன் முடிவு 2014ஆம் ஆண்டு வெளிவந்தது.

ஆனால் நாயைக் கொண்டு வந்தால் பிள்ளை பண்டிதன் ஆகிவிடுவான் என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள், இது பற்றி நடந்த 48 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பரிசீலித்தார்கள். நன்மை இருப்பதாகவே தெரிகிறது. ஆனால் பல ஆராய்ச்சிகள் போதிய கண்டிப்புடன் நடக்கவில்லை. இன்னும் நன்றாகச் சோதிக்க வேண்டும் என்று அவர்கள் கூறினார்கள்.

எழுத்தை நாய் கற்றுக்கொடுக்காது. அது ஆசிரியர் வேலை. நாய் பயத்தைக் குறைக்கிறது. பயம் குறைந்த பிள்ளை இன்னொரு பக்கம் படிக்கிறது.

எச்சரிக்கை!

நூல்நிலையத்துக்கு வரும் நாய்கள் தடுப்பூசி போட்டு, பல மாதம் பழக்கியவை. பக்கத்தில் அதன் எஜமானரும் இருப்பார். இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தெரு நாய் அருகில் பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது. வெறிநாய்க் கடி உயிரைக் குடிக்கும். எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நாய் இல்லாத வீட்டில்

நாய் செய்வதை மனிதர் செய்ய முடியாதா? முடியும். கொஞ்சம் கஷ்டம். ஏனென்றால் நாயால் பேச முடியாது. நம்மால் பேசாமல் இருக்க முடியாது!

இரவு சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் போதும். பிள்ளை படிக்கட்டும். ஓர் எழுத்தில் தடுக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் சற்றுப் பொறுங்கள். அதுவாகவே கூட்டிப் பார்க்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். கேட்பவருக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. எழுத்தறியாத பாட்டிதான் சில வீடுகளில் மிகச் சிறந்த துணை. "இதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டு" என்றால், அந்த வீட்டில் அந்தப் பிள்ளைதான் பெரிய மனிதன்.

இப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்ற அம்மாவும் கூச்சப்படத் தேவையில்லை. ஒரு பக்கம் அம்மா படிக்கலாம். மறு பக்கம் பிள்ளை படிக்கலாம். அம்மாவும் தடுக்கி விழுந்து எழுவதைப் பார்த்தால், தடுக்குவது அவமானம் இல்லை என்று பிள்ளைக்குத் தெரியும்.

கதை முடிந்ததும் கேள்வி கேட்டுப் பரீட்சை வைக்க வேண்டாம். "நாளைக்கு என்ன கதை?" என்று மட்டும் கேளுங்கள்.