கூட ஒரு நாற்காலி

2018 மார்ச்சில் பெங்களூர்க் கோஷ்டியை அதன் சொந்த மைதானத்திலேயே மூன்றுக்கு இரண்டு என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கி வந்தது சென்னையின் எஃப்.ஸி. அடுத்த பருவத்தில் ஆடியது 18 ஆட்டம். ஜெயித்தது 2, தோற்றது 13. பத்துக் கோஷ்டிகளில் பத்தாவது இடம்.

"அதனால் என்ன சார்? 2020-ல் மறுபடி இறுதி ஆட்டம்வரை போகவில்லையா?" என்கிறார்கள் நண்பர்கள். போயிற்று, அந்தச் சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. கடைசியில் வந்தும் ஒன்றுமே ஆகவில்லையே, அதுதான் என் சண்டை! இங்கிலாந்தில் 2016-ல் பட்டம் வென்ற லெஸ்டர் ஸிட்டியை, 2023-ல் தயவு தாட்சண்யமின்றிக் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிட்டார்கள். நம் சூப்பர் லீக்கிலோ அப்போது பணம் கட்டி உள்ளே வந்தவருக்கு நாற்காலி சாசுவதமாயிருந்தது.

அதே பருவத்தில்தான், 2018 நவம்பர் 16 விடிவதற்குள், கஜா புயல் எங்கள் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னை வைத்தவன் தென்னையை இழந்தான். உப்பளக்காரன் உப்பை இழந்தான். தோற்றால் நஷ்டம் உண்டென்று கோடியக்கரையில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கடைசிக்காரன் எழுந்திருக்காவிட்டால் புதியவன் எங்கே உட்காருவான்? கடற்கரை மணலில் இரண்டு கழியை நட்டுக் கோல் போடும் பையன்கள் ஒரு சங்கம் சேர்த்து, ஜில்லா, மாகாணம் என்று ஜெயித்துக்கொண்டே போனாலும், உச்சியில் கதவு சாத்தியிருந்தது. 2023-ல்தான் முதன்முதலாக, ஐ-லீக்கில் வென்ற பஞ்சாப் எஃப்.ஸி.க்கு அது திறந்தது. அதுவும் யாரையும் எழுந்திருக்கச் சொல்லாமல், கூட ஒரு நாற்காலி போட்டு!