புகைபோக்கி நிற்கிறது; புகை இல்லை!

லண்டன் நகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில், ஒரு பெரிய செங்கல் கட்டிடம் நிற்கிறது. அதன் நடுவே ஒரு புகைபோக்கி. உயரம் 325 அடி. எதிர்க்கரையில் புகழ்பெற்ற செயிண்ட் பால் தேவாலயம் இருக்கிறது. அதைவிட உயர்ந்துவிடக்கூடாது என்றே புகைபோக்கியைத் தணித்துக் கட்டினார்கள்.

இப்போது அதில் புகை வருவதில்லை. உள்ளே இருப்பவை ஓவியங்கள், சிற்பங்கள்!

ஒரு காலத்தில் இது மின்சார நிலையம். லண்டன் தெருக்களில் சிவப்பு டெலிபோன் கூண்டு நிற்குமே, அதை வடிவமைத்த ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்தான் இதையும் வடிவமைத்தார். 1947-ல் தொடங்கிய வேலை 1963-ல் முடிந்தது. 42 லட்சம் செங்கல்! எண்ணெயை எரித்து மின்சாரம் எடுத்தார்கள். எண்ணெய் விலை ஏறியது. கட்டுபடியாகவில்லை. 1981-ல் மூடிவிட்டார்கள்.

பிறகு பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. நதிக்கரை மனை அல்லவா? விடுவார்களா!

நல்லவேளை, 'டேட்' கலைக்கூடத்தார் நவீன ஓவியங்களை வைக்க அப்போது இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். 1994-ல் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். சுவிட்சர்லாந்து நாட்டுக் கட்டிடக் கலைஞர்கள் ஹெர்சாக், டி மெரோன் இருவரும் வேலையை ஏற்றார்கள். எந்திரங்களை எடுத்தார்கள். எந்திரக் கூடத்தை மட்டும் அறைகளாகக் கூறுபோடாமல் விட்டார்கள். ஏறத்தாழ 500 அடி நீளம், 115 அடி உயரம் உள்ள கூடம் அது! 2000-ம் ஆண்டு மே மாதம் ராணி எலிசபெத் திறந்து வைத்தார். 'டேட் மாடர்ன்' என்று பெயர்.

அந்தக் கூடத்தில் நடந்த வேடிக்கைகள் பல. மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர், 2002-ல், சிவப்புத் திரை ஒன்றை இரும்பு வளையங்களில் இழுத்துக் கட்டி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நீட்டினார். அடுத்த ஆண்டு ஒலாபர் எலியாசன் என்ற கலைஞர் உள்ளே சூரியனையே கொண்டுவந்தார்! மஞ்சள் விளக்கு, மூடுபனி, கூரை முழுவதும் கண்ணாடி. ஜனங்கள் தரையில் மல்லாந்து படுத்து, கண்ணாடியில் தங்கள் உருவத்தைத் தேடினார்கள்.

நிலத்துக்கடியில் எண்ணெய் நிரப்பிய தொட்டிகள் இருந்தன அல்லவா? 2012-ல் அவையும் கலை அரங்குகள் ஆயின.

கோர்ட்டுக்குப் போன சண்டை

2016-ல் பின்புறம் ஒரு புதிய கட்டிடம் சேர்த்தார்கள். அதன் 10-வது மாடியில் சுற்றிவர நடைவழி. காசு கொடுக்காமல் ஊரைப் பார்க்க முடிந்தது. ஆனால் எதிரே கண்ணாடிச் சுவர் வைத்த ஆடம்பர அடுக்குமாடி வீடுகள் இருந்தன. ஊரைப் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குள்ளேயும் பார்த்தார்கள். படமும் பிடித்தார்கள்.

வீட்டுக்காரர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2019-ல் தோற்றார்கள். அப்பீலிலும் தோற்றார்கள். 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார்கள். 3 நீதிபதிகள் அவர்கள் பக்கம். 2 பேர் மறுபக்கம்.

ஜன்னலுக்குத் திரை வாங்கி மாட்டினால் போகிறது என்று சொன்னவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். சாப்பிடுவதையும் தூங்குவதையும் ஊரார் எட்டிப் பார்த்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கலைக்கூடம் வந்தது முதலில். அந்தக் கண்ணாடி வீடுகள் வந்தது பிறகு. பாழடைந்த கட்டிடத்துக்கு உயிர் வந்தால் பக்கத்து மனைக்கு விலை ஏறுகிறது. பணக்காரர் குடிவருகிறார். பிறகு ஜனக்கூட்டம் அவருக்கு இடைஞ்சல் ஆகிறது! பழைய ஆலைகளைக் கலை அரங்கம் ஆக்க நினைப்பவர்கள், பக்கத்து மனையில் யார் எதைக் கட்டலாம் என்பதை முதல் நாளே எழுதிவைப்பது நல்லது.

நடைவழியில் ஒரு பக்கத்தை மறைப்பதால் பெரிய நஷ்டம் இல்லை. கீழே உள்ள எந்திரக் கூடத்துக்கு நாளை டிக்கெட் போடவேண்டும் என்று யாராவது கிளம்பினால் அதைத்தான் எதிர்க்கவேண்டும். இந்தக் கட்டிடத்தை மாற்ற 13 கோடி பவுனுக்கு மேல் செலவானது. அதில் 5 கோடி பவுன் லாட்டரிச் சீட்டுப் பணம். சீட்டு வாங்கியவர்கள் சாதாரண ஜனங்கள்.

சிறப்புக் கண்காட்சிகளுக்குக் கட்டணம் உண்டு. கூடத்துக்கும் கலைக்கூடத்தின் சொந்த ஓவியங்களுக்கும் இல்லை. மேற்கு வாசலில் அகலமான சரிவு ஒன்று இறங்குகிறது. குழந்தைகள் அதில் கத்திக்கொண்டே ஓடுகிறார்கள்.